தண்ணீர் விடுவதா, வேண்டாமா

தம்பி,

பெட்டி கட்டி முடித்துவிட்டாய். நாளை சாயங்காலம் உனக்கு பஸ். இதை நேரிலேயே சொல்லிவிடலாம் என்று சில நாளாகப் பார்க்கிறேன். உன்னைச் சுற்றி எப்போதும் யாராவது நிற்கிறார்கள், நீயும் யாருக்காவது எதையாவது விளக்கிக்கொண்டே இருக்கிறாய். அதனால் எழுதி உன் சட்டைகளுக்கு நடுவில் வைக்கிறேன். பெங்களூர் போய்ச் சேர்ந்து, குளித்து, சாப்பிட்டு, ஆற அமர உட்கார்ந்து படி.

அன்றைக்கு உன் சித்தப்பா வந்திருந்தபோது, பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டரில் விளையாட்டு எழுதும் கம்பெனியில் சேரப்போகிறேன் என்று நீ சொன்னாய். விளையாட்டு எழுதுவதற்கு ஒரு கம்பெனி, அதற்குச் சம்பளம் வேறா என்று அவர் சிரித்தார். உன் அப்பா சிரிக்கவில்லை. இந்த வேலை நிலைக்குமா என்று மட்டும் கேட்டார். நீ என்னைப் பார்த்தாய். நான் அடுப்படி வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். அதில் உன் முகம் வாடிப்போனது என்று பிறகுதான் தெரிந்தது. அம்மா உன்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை தம்பி. இந்த வீட்டிலிருந்து விளையாட்டு எழுதப்போகும் முதல் ஆள் நீதான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள், அதை நினைத்துச் சிரித்தேன். முதல் ஆள் நான். நீ அப்போது மதுரையில் ஹாஸ்டலில் இருந்தாய். லீவுக்கு வந்தபோது எங்கள் பள்ளிக்குக் கம்ப்யூட்டர் வந்திருக்கிறது என்று சொன்னேன். அதன் நினைவகம் எவ்வளவு என்று கேட்டாய், எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன், பேச்சு அதோடு முடிந்தது. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்கிறேன் என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், உன் வேலைக்கும் ஆகும்.

எங்கள் பெண்கள் பள்ளிக்கு இரண்டு கம்ப்யூட்டர்கள் வந்தன. கணக்குப் பாடம் எடுப்பவள் என்று என்னையும், வேறு யாரும் போக முன்வராததால் சரித்திரம் எடுக்கும் கிருபை டீச்சரையும் மதுரைக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். கிருபை டீச்சரை உனக்குத் தெரியும். தேனி பஜாரில் ஜவுளிக் கடை வைத்திருக்கும் குடும்பம், கிறிஸ்துமஸுக்கு நமக்குத் தூக்குவாளி நிறைய அச்சு முறுக்கு கொண்டுவருவாரே, அவர்தான். மனதில் பட்டதை அப்படியே சொல்லிவிடும் மனுஷி. நாங்கள் திரும்பி வந்தபோது பெரிய டீச்சர் அந்த இரண்டு பெட்டிகளையும் ஒரு அறையில் வைத்து, ஜன்னலுக்குத் திரை போட்டு, செருப்பை வெளியே விட்டுவிட்டு வர வேண்டும் என்று ஏற்பாடு செய்திருந்தார். எங்கள் தலைமை ஆசிரியையைத்தான் பெரிய டீச்சர் என்போம். கண்டிப்பானவர், ஆனால் பிள்ளைகளுக்காக எந்த ஆபீஸிலும் போய்ச் சண்டை போடுவார். அந்தப் பெட்டிகளைக் கண்டால் மட்டும் அவருக்குப் பயம். இடி விழுமோ, எலி கடிக்குமோ, தணிக்கைக்கு வருபவர்கள் என்ன கேட்பார்களோ என்று.

பெட்டிகளோடு கேசட்டில் வந்த பாடங்கள் எல்லாம் ஆங்கிலத்தில் கூட்டல், கழித்தல், பின்னம். சரியாகப் போட்டால் சபாஷ் என்று வரும், தப்பாகப் போட்டால் மறுபடி முயற்சி செய் என்று வரும். வகுப்பில் காலையெல்லாம் கணக்குப் போட்ட பிள்ளைகள், செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டு மறுபடி கணக்குப் போடவா வருவார்கள்? வரவில்லை. அந்தச் சமயத்தில்தான் மதுரைக் கல்வி ஆபீஸிலிருந்து சேதி வந்தது. பயன்படாமல் கிடக்கும் கம்ப்யூட்டர்களைப் பக்கத்து ஊர் ஆண்கள் பள்ளிக்கு மாற்றப்போகிறார்கள், அதிகாரி ஒருவர் நேரில் வந்து பார்ப்பார் என்று. பெரிய டீச்சருக்கு அதில் பாதி நிம்மதி. பிள்ளைகளே அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை, போவதென்றால் போகட்டும் என்றார். அவர் சொன்னதில் தப்பும் இல்லை. ஆனால் கிருபை டீச்சர் வராந்தாவில் என்னை நிறுத்திச் சொன்னது எனக்கு உறைத்தது.

"டீச்சர், பிள்ளைக வரலங்கிறதுக்கும், பொம்பளப் பிள்ளைகளுக்கு இது ஏறாதுங்கிறதுக்கும் மதுரையில வித்தியாசம் தெரியாது. எடுத்துட்டுப் போனா, போனது போனதுதான். அடுத்து வர்ற பிள்ளைகளுக்கும் கெடையாது."

அன்றைக்கே ஆரம்பித்தேன். பிள்ளைகள் தாங்களாகவே ஓடிவரும்படி ஒரு விளையாட்டு எழுதுவது என்று. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்த விஷயமாக இருக்கட்டும் என்று ஒரு திராட்சைத் தோட்டத்தை எடுத்துக்கொண்டேன். விளையாடுபவருக்கு ஒரு பந்தல், பொதுக் கிணற்றில் ஒரு பங்கு. கொடிகளை நறுக்கிக் கவாத்து வெட்டுவதிலிருந்து பழம் பறித்து விற்பது வரை ஒரு போகம். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கேள்வி வரும். ஒன்றை அமுக்கலாம், அல்லது இரண்டை அமுக்கலாம். அந்தப் பெட்டிக்குத் தமிழ் எழுத்து தெரியாது. அதனால் ஆங்கில எழுத்திலேயே தமிழை எழுதினேன். பள்ளி விட்ட பிறகு கடைசி டவுன் பஸ் வரும்வரை உட்காருவேன். முதல் திரையில் ஒரு திராட்சைக் குலை வரைந்தேன். புள்ளி புள்ளியாக, கறுப்பும் ஊதாவுமாக. சொன்னால் சிரிப்பாய், கல்யாணக் கோலத்துக்குக்கூட நான் அவ்வளவு மெனக்கெட்டதில்லை.

முடித்ததும் கிருபை டீச்சரை உட்கார வைத்தேன். ஒரு முறை விளையாடினார். பழம் நன்றாக விளைந்தது. மறுபடி ஆரம்பித்து, முன்பு ஒன்று அமுக்கிய இடத்தில் எல்லாம் இரண்டை அமுக்கினார். பழம் அதே போல விளைந்தது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"நான் என்ன சொன்னாலும் நீங்க நெனச்சதுதான் நடக்குது. பெறகு எதுக்கு டீச்சர் என்னையக் கேக்குறீக?"

எனக்கு அப்போது உன் ஞாபகம்தான் வந்தது. உனக்கு ஆறு, ஏழு வயது இருக்கும். தீபாவளிக்குப் போடி பஜாரில் உன் அப்பா இரண்டு சட்டையை எடுத்துப் போட்டு, எது வேண்டும் என்று கேட்டார். நீ பச்சையைத் தொட்டாய். நீலம்தான் அழுக்குத் தெரியாது, உழைக்கும் என்று நீலத்தைக் கட்டச் சொன்னார். அடுத்த வருஷம் அதே கடையில் கேட்டபோது நீ சட்டையையே பார்க்கவில்லை. எதுனாலும் சரிப்பா என்று சொல்லிவிட்டு வாசலில் போன மாட்டு வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அதில் உன் அப்பாவுக்கு எவ்வளவு வருத்தம் என்று உனக்குத் தெரியாது. பிற்பாடு நீ பள்ளிப் படிப்பு முடித்தபோது, நம் கடையைப் பார்க்கிறாயா, மேலே படிக்கிறாயா என்று அவர் கேட்டாரே, அன்றைக்கு நீ சொன்ன பதில் அவருக்குப் பிடித்த பதில் இல்லை. ஆனாலும் மறுவாரமே உன்னைக் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் பஸ் ஏறினார். அவர் கேட்ட கேள்வி அப்போதுதான் கேள்வியாக ஆனது. கேட்டால், பதிலுக்குக் கட்டுப்பட வேண்டும். உன் விளையாட்டும் அப்படித்தான்.

சரி என்று, அமுக்குவதற்குத் தகுந்தாற்போல விளைச்சல் மாறும்படி திருத்தினேன். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு சரியான பதில், ஒரு தப்பான பதில். பிள்ளைகளைக் கூப்பிட்டேன். வந்தார்கள் தம்பி! ஆங்கில எழுத்தில் தமிழைக் கூட்டிக் கூட்டிப் படித்துச் சிரித்தார்கள், ஒருத்தி மடியில் ஒருத்தி உட்கார்ந்தார்கள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனால் சில நாளில் சத்தம் அடங்கிவிட்டது. போய்ப் பார்த்தால், காமயகவுண்டன்பட்டியிலிருந்து வரும் தனலட்சுமி, ப்ளஸ் ஒன் படித்தவள், பக்கத்தில் இருப்பவளோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே, திரையை ஒரு தடவைகூடப் பார்க்காமல், விரலாலேயே தோட்டத்தை முடித்துக்கொண்டிருந்தாள். முழு விளைச்சல். எந்தக் கேள்விக்கு எதை அமுக்க வேண்டும் என்பது வகுப்பு வகுப்பாகப் போய்விட்டிருந்தது. நான் மறுபடியும் ஒரு பரீட்சையைத்தான் எழுதியிருந்தேன். விடை தெரிந்த பிறகு பரீட்சையில் யாருக்கு என்ன இருக்கிறது?

விடையே தெரியாமல் செய்துவிட்டால் என்ன என்று தோன்றியது. கம்ப்யூட்டரே ஏதாவது ஒரு எண்ணைப் போட்டு மழையை வரவழைக்கும்படி எழுதினேன். எந்த நேரத்தில் வரும் என்று எனக்கே தெரியாது. பழுக்கிற சமயத்தில் மழை பிடித்தால் திராட்சை வெடித்துப்போகும் என்று அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு நாள் தனலட்சுமி நிதானமாக, யோசித்து யோசித்து விளையாடினாள். கடைசிக் கட்டத்தில் மழை வந்து எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போனது. அவள் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். ஏன் போகிறாய் என்று கேட்டேன்.

"இதுல மழைதான் டீச்சர் வெளையாடுது. நான் சும்மா ஒக்காந்திருக்கேன்."

அன்று பஸ்ஸில் வரும்போது அந்தச் சொல்லையே புரட்டிக்கொண்டிருந்தேன். ஒன்றும் மாறாவிட்டால் கேட்பதில் அர்த்தம் இல்லை. ஒரே பதில்தான் சரி என்றால் யோசிப்பதற்கு வேலை இல்லை. எதுவும் தெரியாமல் அமுக்கினால் அது தேர்வு இல்லை, சீட்டுக் குலுக்கல். அப்படியானால் மனுஷர்கள் உண்மையிலேயே எப்போது நின்று யோசிக்கிறார்கள்? இரண்டுமே வேண்டும், ஆனால் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்ற இடத்தில். அனுமந்தன்பட்டியில் இறங்க வேண்டியவள், நிறுத்தத்தைத் தாண்டிப் போய் இறங்கி, சிரித்துக்கொண்டே திரும்பி நடந்துவந்தேன்.

விளையாட்டுக்குள் ஒச்சம்மா என்று ஒரு பெண்ணைக் கொண்டுவந்தேன். பக்கத்துத் தோட்டத்துக்காரி, புருஷன் இல்லாதவள், அதே கிணற்றில் பங்கு. காய் பிடிக்கிற நேரத்தில், உங்கள் முறைத் தண்ணீரில் பாதியை எனக்கு விடுங்கள் என்று கேட்பாள். விடலாமா, வேண்டாமா? விட்டால் உன் பழம் சிறுத்துப்போகும், விலை குறையும். ஆனால் பறிக்கிற நேரத்தில் ஒச்சம்மா தன் சனங்களோடு வந்து நிற்பாள், மழைக்கு முன்னால் பறித்துவிடலாம். விடாவிட்டால் பழம் திரட்சியாக வரும், குமுளியிலிருந்து வரும் வியாபாரி கூடுதல் விலை சொல்வார். ஆனால் பறிக்க உன் கை மட்டும்தான். இன்னும் விலை ஏறட்டும் என்று காத்திருந்தால் மாட்டிக்கொள்வாய். மழையையும் சும்மா வரவிடவில்லை. மலை மேல் மேகம் இறங்கியிருக்கிறது, காற்று திரும்பியிருக்கிறது என்று இடையிடையே ஒரு வரி வரும். கவனிப்பவளுக்குத் தெரியும்.

இதில் எனக்கும் கிருபை டீச்சருக்கும் பெரிய வாக்குவாதம். அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுப்பவர். தண்ணீர் விட்டவள்தான் ஜெயிக்க வேண்டும், அதுதான் பிள்ளைகளுக்கு நல்லது என்றார். விட்டால் நிச்சயம் ஜெயிக்கலாம் என்று தெரிந்து விட்டால் அது இரக்கம் இல்லை டீச்சர், அது வியாபாரம் என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. மறுநாள் வந்து பேசாமல் உட்கார்ந்து விளையாடினார். தண்ணீர் விட்டார். பழம் சிறுத்து, சுமாரான விலைக்குத்தான் போனது. நட்டம்தான், ஆனாலும் நான் விட்டது சரி என்றார். அதைத்தான் டீச்சர் நானும் சொன்னேன் என்றேன். அதற்குப் பிறகு அவர் வாதாடவில்லை. ஒச்சம்மா பேசும் வரிகளை அவரே எழுதிக்கொடுத்தார்.

இன்னொரு சங்கடம். ஒச்சம்மாவுக்குத் தண்ணீர் விட்டதை, மருந்து அடிக்கக் கைமாற்று வாங்கியதை, வியாபாரியிடம் சொன்ன சொல்லை, இவை எல்லாவற்றையும் விளையாட்டு கடைசிவரை ஞாபகம் வைத்திருக்க வேண்டும். பெட்டியில் இடம் இல்லை. இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது என் திராட்சைக் குலைதான். ஒரு நாள் முழுக்க ஒத்திப்போட்டுப் பார்த்தேன். பிறகு குலையை வரையும் வரிகளை ஒவ்வொன்றாக அழித்தேன். முதல் திரை வெறும் கறுப்பாக, வெள்ளை எழுத்தோடு நின்றது. நீ வேலை பார்க்கப்போகும் இடத்தில் இதைவிடப் பெரிய பெட்டி இருக்கும், ஆனாலும் இந்தச் சங்கடம் உனக்கும் வரும். கண்ணுக்கு அழகானதை வைப்பதா, விளையாடுபவர் செய்ததை ஞாபகம் வைப்பதா என்று வந்தால், ஞாபகத்தை வை. குலை இல்லாததை ஒரு பிள்ளையும் கேட்கவில்லை. ஒச்சம்மா தங்களை மறக்கவில்லை என்பதைத்தான் வியந்து வியந்து பேசினார்கள்.

அதிகாரி வந்த அன்றைக்குப் பெரிய டீச்சர் எங்கள் விளையாட்டை ஓரத்துப் பெட்டியில் போடச் சொல்லிவிட்டு, பெட்டிகளோடு வந்த பின்னக் கணக்குப் பாடத்தைத்தான் முன்னால் வைத்தார். அதிகாரி நின்றபடியே பார்த்தார். இரண்டு கணக்கு வந்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அந்த நேரத்தில் ஓரத்துப் பெட்டியில் சண்டை. தண்ணீர் விடக் கூடாது என்று தனலட்சுமி, விட்டே ஆக வேண்டும் என்று இன்னொருத்தி. அதிகாரி இருப்பதையே மறந்துவிட்டார்கள். பெரிய டீச்சர் முகம் கறுத்தது. அதிகாரி கையால் அவரை அமர்த்திவிட்டு, யாருக்குத் தண்ணீர் என்று கேட்டுக்கொண்டே போய் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அவருக்குக் கவாத்து என்றால் என்ன என்று பிள்ளைகளே சொல்லிக்கொடுத்தார்கள். ஒச்சம்மா வந்து கேட்டபோது வெகுநேரம் யோசித்து, வேண்டாம் என்று அமுக்கினார். பழம் திரண்டது. வியாபாரி நல்ல விலை சொன்னார். இன்னும் ஏறட்டும் என்று காத்திருந்தார். மேகம் இறங்குகிறது என்ற வரி வந்ததைப் படித்தார், படித்தும் காத்திருந்தார். மழை வந்தது. பறிக்க ஆள் இல்லை.

"அந்த அம்மாவுக்குத் தண்ணி விட்டிருக்கணும்" என்றார் மெல்ல.

"நானும் விடல சார்" என்றாள் தனலட்சுமி. "மேகத்தப் பாத்ததும் கெடச்ச வெலைக்கு வித்துட்டேன். எனக்கு நல்ல லாபம். இவ தண்ணி விட்டவ, ஒச்சம்மா ஆள் கூட்டிட்டு வந்தாக, இவளுக்கும் தோட்டம் தப்பிச்சது."

அவ்வளவுதான், மற்றவர்களும் ஆரம்பித்துவிட்டார்கள். ஒவ்வொருத்தியும் தன் தோட்டத்தைப் பற்றிச் சொன்னாள். ஒரு விளையாட்டுதான் எழுதியிருந்தேன் தம்பி, அந்த அறையில் இருந்தது அத்தனை பேருடைய அத்தனை கதை. ஒன்றைப் போல ஒன்று இல்லை. நான் சுவர் ஓரமாக நின்றேன். கிருபை டீச்சர் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். அதிகாரி மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். வாசலில் ஜீப் டிரைவர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். இது எந்தக் கம்பெனி போட்டது என்று கடைசியில் அவர் கேட்டபோது, பெரிய டீச்சர்தான் பதில் சொன்னார். எங்கள் கணக்கு டீச்சர் எழுதியது என்று. அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

கம்ப்யூட்டர்கள் எங்கும் போகவில்லை. சில வாரத்தில் அந்த ஆண்கள் பள்ளியிலிருந்தே ஒரு ஆசிரியர் வெறும் கேசட்டோடு வந்து, விளையாட்டைப் பதிந்து தரச் சொல்லிக் கேட்டார். தனலட்சுமி பதிந்து கொடுத்தாள். கொடுக்கும்போது, மேகத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள் சார் என்று சொல்லி அனுப்பினாள்.

ஆனால் எனக்கு வெற்றி என்று மனதில் நிற்பது அது இல்லை. அதிகாரி புறப்பட்டுப் போன அன்று சாயங்காலம், பள்ளி விட்ட பிறகும் பிள்ளைகள் அந்த அறையை விட்டுப் போகாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். பெரிய டீச்சர் வந்தார். செருப்பை வாசலில் விட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு, அதுவரை தொட்டே பார்த்திராத அந்தப் பெட்டியின் முன் உட்கார்ந்தார். முதல் கேள்விக்கு அமுக்கினார், அடுத்ததற்கும் அமுக்கினார். ஒச்சம்மா வந்தாள். பெரிய டீச்சர் விரலைத் தூக்கியவர் அப்படியே நிறுத்தினார். நாங்கள் எல்லோரும் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். திரும்பி எங்களைப் பார்த்தார்.

"எல்லாரும் வெளிய போங்க. நான் எத அமுக்குறேன்னு ஒருத்தரும் பாக்க வேணாம்."

நாங்கள் வெளியே வந்து நின்றோம். அவர் கதவைச் சாத்திக்கொண்டார். காமயகவுண்டன்பட்டி பஸ்ஸுக்கு நேரமாகியும் ஒரு பிள்ளையும் நகரவில்லை. வெகுநேரம் கழித்து உள்ளே ஒரு பொத்தான் அமுங்கும் சத்தம் கேட்டது. அவர் எதை அமுக்கினார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது; அவர் சொல்லவும் இல்லை, நாங்கள் கேட்கவும் இல்லை.

பெங்களூரில் நீ நிறைய எழுது தம்பி. பெரிதாக எழுது, நான் பார்த்திராத நிறத்தில் எல்லாம் எழுது. ஆனால் என்றைக்காவது ஒரு நாள், நீ எழுதிய ஒரு கேள்வியின் முன்னால் யாராவது ஒருத்தர் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார வேண்டும். நீ வெளியே நிற்க வேண்டும்.

உன் அம்மா